கிணத்துக் கணக்கும் விண்டோஸ் பதினொண்ணும்



போன புரட்டாசிக் கடைசியில இருந்து என் லேப்டாப் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பதில் சொல்ல எனக்கு மூணு மாசம் ஆயிருச்சு. ஒரு பட்டனை அமுக்கறதுக்கு மூணு மாசமா அப்பான்னு பையன் சிரிக்கறான். அவனுக்கு அது பட்டன். எனக்கு அதுக்குப் பின்னாடி ஒரு கிணறு இருக்குது. அதைத்தான் எழுதலாம்னு உக்காந்திருக்கேன்.

விஷயம் இதுதானுங்க. விண்டோஸ் 10ன்னு ஒண்ணு, 2015ல வந்தது. அதுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் குடுக்க மாட்டோம்னு 2025 அக்டோபர் 14ஐ கடைசி நாளாச் சொல்லிட்டாங்க. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி. அந்த நாளுக்கப்புறம் மெஷின் நின்னுபோகாது, எப்பவும் போல ஓடும். ஆனா புதுசா ஏதாவது ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் வராது. வேலி இருக்கும், வேலி பிரிஞ்சா கட்டறவன் இல்லைங்கற மாதிரி. அதனால விண்டோஸ் 11க்கு வந்துருங்கன்னு திரை முழுக்க ஒரு அறிவிப்பு. காலையில திறந்தா அது, சாயங்காலம் திறந்தா அது.

அப்ப எங்க தோட்டத்துல நெல்லுக்குக் களை எடுப்பு. எங்களுது கீழ்பவானிப் பாசனம். மொத்தம் 2,07,000 ஏக்கர், அதுல பாதிப் பாதியா ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு மாத்தி மாத்தித் தண்ணி விடுவாங்க. இந்தத் தடவை எங்க மதகுக்கு நெல்லு போகம். ஆளு கிடைக்கறது குதிரைக்கொம்பு, கிடைச்ச ஆளை விட்டுட்டு நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார முடியுமா? 'பிறகு நினைவூட்டு'ன்னு இருந்ததை அமுக்கி அமுக்கியே ஐப்பசி போச்சு.

ஆனா களை எடுப்பு மட்டும் காரணமில்லைங்க. பயம். பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்குது.

எங்க தோட்டத்துக் கிணறு பங்காளிக் கிணறு. தாத்தா வெட்டினது, 90 அடி. அவருக்கு மூணு பசங்க: பெரியப்பா, எங்கப்பா, சின்னப்பா. ஆளுக்கு ரெண்டு பங்கு வீதம் ஆறு பங்கு. பெரியப்பா பங்குல ஒண்ணை 2011ல வித்துட்டாங்க, வெளியூர்க்காரர் ஒருத்தர் பூமியோட சேத்து வாங்கினாரு. மிச்சம் ஒண்ணு பெரியப்பா பேரன்கிட்ட இருக்குது. ஆக இப்ப நாலு வீடு, ஆறு பங்கு. ஒரு பங்குக்கு ஒரு நாள்னு ஆறு நாளைக்கு ஒரு சுத்து முறை வரும். மோட்டார் காயில் கருகினா, பைப் ஒடைஞ்சா, ஸ்டார்ட்டர் போனா, யாராவது ஒருத்தர் காசு குடுத்துருவாங்க; கணக்குல எழுதி வெச்சு, தை பொறந்ததும் நாலு வீடும் உக்காந்து நேர் பண்ணிக்குவோம்.

அந்தக் கணக்கை அப்பா நோட்டுல எழுதுவாரு. 2009ல இருந்து, வருசக் கடைசியில டவுனுக்குப் போய் ஒரு டி.டி.பி. கடையில குடுத்து டைப் அடிச்சு வாங்குவாரு. அந்தக் கடை அம்மா எக்ஸெல்லுல கட்டம் போட்டு அழகா அடிச்சுக் குடுக்கும். பேப்பர் ஒண்ணு, பென்டிரைவுல ஒண்ணு. அப்பா 2015ல தவறினாரு. நோட்டும் பேப்பரும் சாளையில டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, அதைக் கரையான் தின்னுட்டுது. மிஞ்சினது கம்ப்யூட்டர்ல இருந்தது மட்டும். அப்புறம் நான் எழுத ஆரம்பிச்சேன்.

2020 ஜனவரியில விண்டோஸ் 7க்கு இதே மாதிரி முடிவு நாள் வந்துச்சு. அப்ப என்கிட்ட ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டர். டவுன்ல ஒரு கடையில குடுத்தேன். ஒரே நாள்ல பத்து போட்டுக் குடுத்துட்டாங்க. உள்ள இருந்ததெல்லாம் எடுத்து வெச்சுட்டு, டிஸ்கைச் சுத்தமாத் துடைச்சு, புதுசாப் போட்டு, எடுத்து வெச்சதைத் திரும்ப வெச்சாங்க. போட்டோ இருக்குதான்னு பாத்தேன், இருந்துச்சு. கணக்கு பைல் இருக்குதான்னு பாத்தேன், பேர் தெரிஞ்சுது. திறந்து பாக்கலை. தப்பு என்னுதுதான்.

மே மாசம். ஊரடங்கு. மோட்டார் காயில் கருகிப்போச்சு. ஆளைத் தேடிப் பிடிச்சுக் கட்டினதுக்கு 9,600 ஆச்சு, பங்குக்கு 1,600. நான் குடுத்துட்டேன். சின்னப்பா மகன், என்னைவிட ஏழு வயசு சின்னவன், ரெண்டு பங்குக்கு 3,200 தரணும். அவன் சொன்னான்:

"ஏனுங்ணா, 2013ல சைடு போர் போட்டப்ப உங்க பங்கையும் சேத்து எங்கப்பாதான குடுத்தாரு. அந்த 18,500ல இதைக் கழிச்சுக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வருசம் கடும் வறட்சி, கிணத்துல தண்ணியில்லை, உள்ள பக்கவாட்டுல சைடு போர் போட்டது நிஜம். 55,500 ஆச்சு, பங்குக்கு 9,250. எங்க ரெண்டு பங்குக்கு 18,500. அதை அப்பா குடுத்துட்டாருன்னுதான் நான் நினைச்சிருந்தேன். சின்னப்பாவும் 2018ல போய்ச் சேந்துட்டாரு. கேக்க ஆளில்லை.

"கணக்கு இருக்குது தம்பி, வா, பாத்துரலாம்"னு ரொம்பத் தைரியமாக் கூப்பிட்டேன். பைலைத் திறந்தா, பூரா கிறுக்கலுங்க. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, கோடு, கொக்கி. தமிழ் ஒரு எழுத்து இல்லை. எண்ணு மட்டும் எண்ணாத் தெரியுது. 18,500ன்னு ஒரு வரி, அடுத்த வரியிலயும் 18,500, அதுக்குக் கீழ 9,250, இன்னொரு 9,250. யார் பங்கு, யார் குடுத்ததுங்கற கட்டத்துல எல்லாம் கிறுக்கல்.

நான் சொன்னேன், "பாரு தம்பி, ரெண்டு 18,500 இருக்குது. ஒண்ணு உங்கப்பா குடுத்தது, ஒண்ணு எங்கப்பா குடுத்தது."

அவன் கொஞ்ச நேரம் திரையையே பாத்தான். "மெஷினை மாத்தினதும் நீங்க. கணக்கு காணாமப் போனதும் உங்ககிட்ட. நல்லா இருக்குதுங்ணா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

எட்டு மாசம் பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒரே கிணறு. அவன் முறைக்கு மோட்டார் போட வருவான், நான் வாய்க்கால் மடையில நிப்பேன், ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசை பாப்போம். எங்க வீட்டம்மாவும் அவன் வீட்டுப் பொண்ணும் மட்டும் எங்களுக்குத் தெரியாம பேசிக்குவாங்க. அந்த வருசம் தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரலை. அம்மா அப்ப உயிரோட இருந்துச்சு, தட்டத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கலை.

2021 தை மாசம் அந்த டி.டி.பி. கடை திரும்பத் திறந்திருக்குதுன்னு கேள்விப்பட்டு பென்டிரைவோட போனேன். அந்த அம்மா பாத்ததும் சிரிச்சுச்சு. "இது ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. ஃபாண்டு இல்லை, அவ்வளவுதான்."

அதென்னன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அந்தக் காலத்துத் தமிழ் டைப்பிங் ஒரு வேசம் மாதிரிங்க. உள்ள இருக்கறது ஆங்கில எழுத்தோட எண்ணுதான். அதுக்கு மேல ஒரு தமிழ் எழுத்துருவைப் போத்தியிருப்பாங்க. அந்த எழுத்துரு இருக்கற மெஷின்ல தமிழாத் தெரியும், இல்லாத மெஷின்ல போர்வை விலகிடும். இப்ப நான் எழுதற யூனிகோடு அப்படியில்லை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் பூரா ஒரே எண்ணு. எந்த மெஷின்ல திறந்தாலும் 'க' 'க'தான். கடையில டிஸ்கைத் துடைச்சப்ப அந்தப் பழைய எழுத்துருவும் சேந்து போயிருச்சு. ஒரு போட்டோ அளவுகூட இல்லாத சின்ன பைல். அந்த அம்மா அதை பென்டிரைவுல போட்டுக் குடுத்துச்சு, காசு வாங்கலை.

வீட்டுக்கு வந்து போட்டேன். கணக்கு தமிழாச்சு. சைடு போர் வரியைத் தேடிப் போனேன். எங்கப்பா பேருக்கு நேரா பங்கு ரெண்டு, தொகை 18,500, கொடுத்தவர்ங்கற கட்டத்துல சின்னப்பா பேரு.

தம்பி சொன்னதுதான் சரி. அப்பா அந்த வருசம் கையில காசில்லாம இருந்திருக்காரு, தம்பிகிட்ட வாங்கியிருக்காரு, என்கிட்டச் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலைங்க. மறுநாள் காலையில 18,500ல அவன் தரவேண்டிய 3,200 போக 15,300ஐ எடுத்துக்கிட்டு அவன் சாளைக்குப் போனேன். வாங்கி எண்ணிப் பாக்காம ஜோப்புல வெச்சான். "காபி குடிச்சுட்டுப் போங்ணா"ன்னான். அதுக்கு மேல அதைப்பத்தி நாங்க பேசினதில்லை.

இப்பச் சொல்லுங்க, 'புதுசுக்கு மாறுங்க'ன்னு மெஷின் சொன்னா எனக்குக் கை எப்படி எழும்பும்?

இப்ப இருக்கறது பையனோட காலேஜ் லேப்டாப். 2019ல வாங்கினது, அவனுக்கு ஆபீஸ்ல வேற குடுத்ததும் 2022ல எனக்கு வந்துச்சு. டவுன்ல ஒருத்தர்கிட்டக் காட்டினேன். பரிசோதிக்கற ஒரு புரோகிராமை ஓட்டிப் பாத்துட்டு, இது பதினொண்ணுக்குத் தகுதியில்லீங்க, புதுசு வாங்கிக்குங்க, 40,000 ஆகும்னு சொன்னாரு. நாப்பதாயிரம்னா எனக்கு ரெண்டு ஏக்கர் உழவும் உரமும். பேசாம எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

பையன்கிட்டச் சொன்னதும், "அப்பா, எதுல தகுதியில்லைன்னு போட்டுச்சு, அதைப் படிங்க"ன்னான். டி.பி.எம். 2.0 இல்லைன்னு இருந்துச்சு. சாவியைப் பத்திரமா வெச்சுக்கற ஒரு பூட்டு மாதிரி அது. பதினொண்ணுக்கு அது கட்டாயம். அதோட இன்டெல்னா எட்டாவது தலைமுறை அல்லது அதுக்கு மேல, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். என்னுது எட்டாவது தலைமுறைதான், ராமும் சரியா 4தான், பார்டர்ல பாஸ். பூட்டும் உள்ளயே இருந்திருக்குது, அணைச்சு வெச்சிருந்தது. பயாஸ்ங்கற இடத்துக்குள்ள போய், பையன் போன்ல சொல்லச் சொல்ல, நானே அதைப் போட்டுவிட்டேன். திரும்ப ஓட்டிப் பாத்தா தகுதி உண்டுன்னு பச்சைக் குறி. டவுன்காரரைக் குத்தம் சொல்லலை. அவருக்கு அது தெரியாம இருந்திருக்கலாம்.

தகுதி வந்ததும் பயம் ஜாஸ்தியாச்சு. வாங்க முடியாதுன்னா விட்டுரலாம், முடியும்னா முடிவெடுக்கோணுமே.

அப்படியே விட்டுரலாமான்னு ஒரு யோசனை. வெறுமனே கணக்கும் எழுத்தும்னா விட்டிருப்பேன். ஆனா பட்டா சிட்டா எடுக்கறது, பேங்க்கு பரிமாற்றம் எல்லாம் இதுலதான். வேலி பிரிஞ்ச தோட்டத்துல மாடு வராத வரைக்கும் சரி. லினக்ஸ் போட்டுக்குங்க மாமான்னு சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சொன்னான். நல்லதாத்தான் இருக்கும், இந்த வயசுல இன்னொரு ஊருக்குக் குடிபோக எனக்குத் தெம்பில்லை.

நடுவுல ஒரு வழி இருந்துச்சு. பத்துலயே இருக்கறவங்களுக்கு இன்னும் ஒரு வருசம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிச்சுத் தர்றாங்க. காசு கட்டியும் வாங்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு நம்ம அமைப்புகளை அவங்க கிட்டங்கியில காப்பு வெச்சா காசில்லாமயும் கிடைக்கும். ஐப்பசி மழையில ஒருநாள் வேலை ஓடலை, அன்னைக்கு அதுல பதிஞ்சுட்டேன். வாய்தா வாங்கின மாதிரி ஒரு நிம்மதி. திரை அறிவிப்பு மட்டும் நிக்கலை.

நெல்லு அறுத்து, பொங்கல் வந்துச்சு. காணும் பொங்கலன்னைக்கு வழக்கம் போல நாலு வீடும் எங்க வாசல்ல கணக்குக்கு உக்காந்தோம். வரவு செலவு முடிஞ்சதும் நான் மெதுவாச் சொன்னேன். இப்படி மெஷின் மாத்தச் சொல்லுது, எனக்குப் பயமா இருக்குது, நீங்க என்ன சொல்றீங்க?

வெளியூர்க்காரர், "உங்க மெஷினுங்க, எங்களை எதுக்குக் கேக்கறீங்க"ன்னாரு. பெரியப்பா பேரன் போனை நோண்டிக்கிட்டு இருந்தான். தம்பி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பேசினான்.

"ஏனுங்ணா, மெஷின் உங்களுது. கணக்கு நம்ம எல்லாத்துதும். எனக்கு ஒரு பிரிண்டு குடுத்துட்டு அப்புறம் மெஷினை என்ன வேணாப் பண்ணுங்க."

அவன் சாதாரணமாத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அத்தனை வருசமா நாலு வீட்டுக் கணக்கை என் ஒரு மெஷினுக்குள்ள வெச்சுக்கிட்டு, நான் ஒருத்தனே பூட்டும் சாவியுமா இருந்திருக்கேன். தொலைஞ்சா நாலு பேருக்கும் தொலையும்னு தோணவே இல்லை.

வெறும் பிரிண்டு போதாது, பழசைப் பூரா யூனிகோடுக்கு மாத்திரலாம்னு சொன்னது தம்பி மக. பத்தாவது படிக்குது. எழுத்துரு மாத்தித் தர்ற புரோகிராம் இருக்குது; பழைய எழுத்தை ஒரு பக்கம் ஒட்டினா மறு பக்கம் யூனிகோடா வரும். ஆனா நூத்துக்கு நூறு சரியா வராது. சில எழுத்து இடம் மாறும், சில கொம்பு காணாமப் போகும். அதனால அது மாத்த மாத்த, நான் பழசைப் படிக்க, தம்பி புதுசைப் பாத்துச் சரி சொல்ல, மூணு சாயங்காலம் ஆச்சு. அப்பா கணக்குல நடுநடுவே குறிப்பு எழுதுவாரு. அதையும் அந்த டி.டி.பி. அம்மா விடாம அடிச்சிருக்குது. '2010 ஆவணி: சின்னவன் நாத்துக்காக நம்ம முறை ஒரு நாள் விட்டது, திரும்ப வேண்டாம்.' 'மட்டம் 61 அடி.' 'மட்டம் 74 அடி.' 2013 கோடையில மட்டம்ங்கற கட்டமே காலி. அளக்கத் தண்ணி இல்லாதப்ப என்னத்தை எழுதறது.

சைடு போர் பக்கம் வந்துச்சு. நானும் தம்பியும் ஒண்ணும் பேசலை. அந்தப் புள்ளை சும்மா இருக்குமா?

"பெரியப்பா, ஃபாண்டு இல்லாம இது எப்படித் தெரிஞ்சுது?"

"கிறுக்கலாத் தெரிஞ்சுது கண்ணு."

எனக்குக் காட்டுறேன்னு சொல்லி, அந்தக் கட்டத்தையெல்லாம் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்துருவுக்கு மாத்திருச்சு. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பாத்த அதே கிறுக்கல். ரெண்டு 18,500, ரெண்டு 9,250. அது திரைகிட்டக் குனிஞ்சு பாத்துட்டு, விரலை வெச்சுக் காட்டுச்சு.

"இங்க பாருங்க. 'கொடுத்தவர்' வரிசையில மேல ரெண்டு கட்டத்துலயும் ஒரே கிறுக்கல்தானே இருக்குது? அப்ப ரெண்டையும் குடுத்தது ஒரே ஆளுதான்."

பாத்தேனுங்க. ஒரே கிறுக்கல்தான். எழுத்துக்கு எழுத்து, கொக்கிக்குக் கொக்கி அதே. பேரு படிக்க முடியலைன்னாலும் ரெண்டும் ஒரே பேருன்னு தெரிஞ்சிருக்கும். எண்ணைத்தான் பாத்தோம், எழுத்துதான் போச்சேன்னு அதைப் பாக்கவேயில்லை. ரெண்டு பேரும் அன்னைக்கு அவங்கவங்க நினைச்சதைத்தான் அந்தத் திரையில பாத்திருக்கோம். தம்பி தலையைத் தடவிக்கிட்டே, "எட்டு மாசம்"னு மட்டும் சொன்னான். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் புரியலை. "என்ன எட்டு மாசம்?"னு கேட்டுச்சு. டீ கொண்டாரச் சொல்லி அனுப்பிட்டோம்.

மொத்தம் 74 பக்கம். நாலு செட் பிரிண்டு எடுத்து வீட்டுக்கு ஒண்ணாக் குடுத்தேன். பென்டிரைவு ரெண்டு, ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு தம்பிகிட்ட. பழைய எழுத்துரு பைலையும் ரெண்டுலயும் போட்டேன்.

அதுக்கப்புறம் பட்டனை அமுக்க மூணு நாள்தான் ஆச்சு. அந்த மூணு நாளும் கரண்டுக்காகவும் நெட்டுக்காகவும். மாசாந்திரப் பராமரிப்புன்னு ஒருநாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவாங்கல்ல, அந்த நாள் எதுன்னு பாத்துக்கிட்டேன். லேப்டாப் பேட்டரி இருபது நிமிசம் தாங்கறதே பெருசு. நடுவுல அணைஞ்சா என்னாகும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. நெட்டு நாலஞ்சு ஜிபி இழுக்கும். என் போன்ல ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபிதான். கேபிள் டி.வி. தம்பி ஆபீஸ்ல ஃபைபர் இருக்குது, அங்க கொண்டுபோய் வெச்சேன். டிஸ்க்குல இடம் பத்தலைன்னு சொல்லுச்சு, கல்யாண வீடியோ நாலைப் பென்டிரைவுக்குத் தள்ளினேன்.

தை 7, ஜனவரி 21. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டரைக்கு முடிஞ்சுது. நாலு தடவை அதுவாவே அணைஞ்சு எரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் திரை கறுப்பாகறப்ப எனக்கு அந்த 2020தான் ஞாபகம். பையன் முன்னாடியே சொல்லியிருந்தான்: "அன்னைக்குச் செஞ்சது ஃபார்மட், எல்லாத்தையும் துடைச்சுட்டுப் போடறது. இது அப்கிரேடு, இருக்கறதை இருக்கற இடத்துலயே விட்டுட்டு அடியில மாத்தறது." காதுல விழுந்துச்சு, நெஞ்சுல விழலை. முடிஞ்சதும் முதல் வேலையா, யூனிகோடுக்கு மாத்தாம அப்படியே விட்டு வெச்சிருந்த பழைய பைலைத் திறந்தேன்.

தமிழ்லதான் இருந்துச்சு. எழுத்துரு போகலை.

பதினொண்ணு எப்படின்னு கேப்பீங்க. ஸ்டார்ட் பட்டன் நடுவுல வந்து உக்காந்துருச்சு, அமைப்புல போய் இடது பக்கமே தள்ளிட்டேன். வலது பக்கம் கிளிக் பண்ணினா வர்ற பட்டியல் சுருங்கிப்போச்சு, பழசு வேணும்னா இன்னொரு தடவை அமுக்கோணும். தமிழ்99 பலகை எப்பவும் போல. வேகம் குறைஞ்சிருக்குது, அது நிஜம். 4 ஜிபி ராம் போதும்னு விதியில இருக்குது, ஆனா காலையில திறந்து வெச்சுட்டு மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு வந்தா சரியா இருக்கும். இன்னொரு 4 ஜிபி போடலாம்னு விலை கேட்டேன். மூணு மாசத்துக்கு முன்ன சொன்னதைவிட ரொம்ப ஏறிக்கிடக்குதுங்க. மஞ்சள் வித்தப்புறம் பாக்கலாம்.

பிடிக்கலைன்னா பழசுக்கே திரும்ப பத்து நாள் தவணை உண்டு. அதுக்குள்ள 'திரும்பிப் போ'ன்னு குடுத்தா பத்துக்கே போயிரும். பத்து நாள் தாண்டினா பழசை அதுவே அழிச்சுரும். நான் காலண்டர்ல குறிச்சு வெச்சிருந்தேன். ஒன்பதாவது நாள் ராத்திரி, தை 16, உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன். மெதுவா ஓடுதே, போயிரலாமா, ஒன்பது மாசத்துல திரும்ப இதே கேள்வி வருமே, இருந்துரலாமா?

அப்ப தம்பி போன். தைப்பூசத்துக்கு மாலை போட்டிருக்கான், விடிஞ்சா பழனிக்கு நடக்கறான்.

"ஏனுங்ணா, இன்னைக்கு ஸ்டார்ட்டர்ல காயில் போயிருச்சு. மாத்திட்டேன். 1,200. போறதுக்கு முன்னாடி எழுதிருங்க, நான் வர நாலு நாள் ஆகும்."

"இரு, எழுதிட்டே சொல்றேன்"னு பைலைத் திறந்தேன். திறக்க நேரமாச்சு, அவன் போன்லயே காத்திருந்தான். தை 16, ஸ்டார்ட்டர் காயில், 1,200, பங்குக்கு 200. கொடுத்தவர்ங்கற கட்டத்துல அவன் பேரை அடிச்சுட்டு, படிச்சுக் காட்டினேன்.

"சரிங்ணா. உங்க 400ஐ வந்து வாங்கிக்கறேன்."

மறுநாள் அவன் நடந்துட்டு இருந்தப்ப, நான் அந்தப் பக்கத்தைப் பிரிண்டு எடுத்து அவன் வீட்டுல குடுத்துட்டு வந்தேன். பத்து நாள் தவணை அன்னைக்கோட முடிஞ்சுது. நான் எதையும் அமுக்கலை.